கொஞ்சத்துக்கு எந்த செக்‌ஷன்?

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் முஸ்லிம் வீடு என்றால் எங்கள் வீடு ஒன்றுதான். சொந்த ஊர் கடையநல்லூர். எனக்குத் தமிழ் டீச்சர் வேலை இங்கே கிடைத்ததால் இங்கேயே வீடு வாங்கினோம். கணவர் துபாயில் இருக்கிறார். ஆடித்தபசு முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தால், வெளிச்சுவரில் கறுப்புப் பெயிண்டில் பெரிசு பெரிசாக எழுதியிருந்தது: 'ஊரை விட்டு ஓடி போ'.

பட்டென்று கதவைச் சாத்தினேன். ஆனால் அதற்கு ஒரு நொடி முன்னால், 'ஓடிப் போ' என்றல்லவா வர வேண்டும், 'ப்' எங்கே என்று கண் தேடிவிட்டது. பல வருடப் பழக்கம். பயத்தை முந்திக்கொண்டு வந்துவிடுகிறது.

பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து பார்த்து, "எந்தப் பேதீல போவான் பாத்த வேல டீச்சர் இது?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஏசினார். அவர்தான் போலீசுக்கும் போன் போட்டார்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண் போலீசோடு வந்தார். சுவரை இரண்டு முறை படித்தார்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா டீச்சர்?"

"இந்தத் தெருவுல நான் ஒருத்திதான் முஸ்லிம் சார். வேற எதுக்கு என்னைய ஓடச் சொல்லணும்?"

"இருக்கலாம். ஆனா மதத்தப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே. யாரு ஓடணும்னுகூட எழுதல."

"அது தோன்றா எழுவாய் சார். 'நீ' மறைஞ்சு நிக்குது."

"மறைஞ்சு நிக்கதை வச்சு நான் எஃப்.ஐ.ஆர். போட முடியாதும்மா."

பிறகு பொறுமையாக விளக்கினார். "சுவத்த நாசம் பண்ணதுக்கும் மிரட்டுனதுக்கும் இப்பவே கேஸ் போட்டுருவேன். மத வெறுப்புல பண்ணான்னு சேக்கணும்னா அது வேற கணக்கு. டி.எஸ்.பி. வருவாரு, மேல ரிப்போர்ட் போகும், ஊர்ல அமைதிக் கூட்டம் போடணும். அதனால முதல்ல யாருன்னு பாக்கணும். பிறகு எதுக்குன்னு பாக்கணும். இந்த வீட்ல வேற மதத்துக்காரங்க இருந்திருந்தாலும் எழுதியிருப்பான்னா, இது சும்மா சண்டை. எழுதியிருக்க மாட்டான்னாதான் மற்றது."

"அதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"உங்களுக்கு வேற யார்கூடயாவது சண்டை உண்டான்னு தெருவுல விசாரிப்போம்."

"எனக்கா? சண்டையா?" என்று சிரித்தேன். ஒன்றும் கிடைக்காது, தாராளமாக விசாரியுங்கள் என்றேன்.

அதற்குள் கடையநல்லூரிலிருந்து என் தம்பி வந்துவிட்டான். வெறுங்கையோடு அல்ல, குட்டியானை என்று சொல்கிற சின்ன லாரியோடு. "லாத்தா, சாமானை ஏத்து. இனி இங்கன இருக்க வேண்டாம்."

"போலீசு விசாரிக்கட்டும். இரு" என்றேன். லாரியை வேப்பமர நிழலில் போட்டுவிட்டு, டீ குடித்தபடி உட்கார்ந்துவிட்டான்.

பெண் போலீஸ் வீடு வீடாக ஏறி இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"உங்க மதத்து மேல இங்க யாருக்கும் ஒரு வருத்தமும் இல்ல டீச்சர்."

"அல்ஹம்துலில்லாஹ்."

"ஆனா..." என்று தொண்டையைச் செருமினார்.

எதிர்வீட்டுக்காரர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தபோது, 'திருவளர்ச்செல்வன்' என்பதில் 'ச்' வரக் கூடாது என்று நான் பேனாவால் அடித்துக் கொடுத்தேனாம். மளிகைக் கடைக்காரரை 'சில்லரை'க்குப் பெரிய 'ற' போட வைத்துப் போர்டையே மாற்ற வைத்தேனாம். பக்கத்து வீட்டு அக்காவின் அப்பாவைத் தூக்கப் போகிற நேரத்தில், போஸ்டரில் 'கண்ணிர் அஞ்சலி' என்று இருக்கிறது, நெடில் விட்டுப்போச்சு என்று அக்காவிடமே காட்டினேனாம். எல்லாம் உண்மை.

"இந்தத் தெருவுல யாருக்கு வேணும்னாலும் காரணம் இருக்கு. மதம் வந்து நிக்கதுக்கே இடம் இல்ல டீச்சர்."

காலையிலிருந்து என் ஜனங்களுக்காக அடி வாங்கியவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். இப்போது எனக்காகவே வாங்கியதாகத் தெரிந்தது. இது இன்னும் வலித்தது. பின்னால் தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

மறுநாள் மளிகைக் கடைக் கேமராவில் ஆள் தெரிந்துவிட்டான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் பேனர் அடிக்கிற கடைக்காரன். ஸ்டேஷனுக்கு என்னையும் வரச் சொன்னார்கள். தலையைக் குனிந்து நின்றான். 'ஆடி தபசுக்கு வருகை தரும் பக்தர்களை வரவேற்கிறோம்' என்று பெரிய பேனர் அடித்திருந்தான். 'த்' விட்டுப்போச்சு என்று, அதை வைத்த புண்ணியவானிடம் நான் சொல்லியிருந்தேன். அவர் திருவிழாவுக்கு முந்தின நாள் அதை இறக்க வைத்து, பத்துப் பேர் முன்னால் இவனை ஏசி, திரும்ப அடிக்க வைத்திருக்கிறார்.

"டீச்சர் முஸ்லிம்ங்கிறதுக்காக எழுதுனியாலே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சத்தியமா இல்ல சார். எந்த டீச்சர் சொல்லியிருந்தாலும் கோவம் வந்திருக்கும்."

இன்ஸ்பெக்டர் நிம்மதியாகப் பேனாவை எடுத்தார். இவன் சும்மா இருந்திருக்கலாம். கால் விரலால் தரையைச் சுரண்டிக்கொண்டே, "ஆனா சார், நம்ம கோயில் பேனர்ல அவங்க வந்து தப்புச் சொல்லுதாங்களேன்னு கொஞ்சம் கூடுதலா வந்துச்சு" என்றான்.

பேனா நின்றது. "கொஞ்சம்னா?"

"கொஞ்சந்தான் சார்."

"ஏலே, கொஞ்சத்துக்கு நான் எந்த செக்‌ஷன்லே போட?"

நான்தான் கேட்டேன். "அந்தக் கொஞ்சம் இல்லாட்டா எழுதியிருப்பீங்களா தம்பி?"

பொய் சொல்ல வரவில்லை அவனுக்கு. "பள்ளிக்கூடத்து வாசல்ல வந்து உங்களத் திட்டியிருப்பேன் டீச்சர். பெயிண்ட் டப்பாவத் தூக்கியிருப்பேனான்னு தெரியல."

டி.எஸ்.பி. வந்தார். அதே கேள்விகளைக் கேட்டார், அதே பதில்தான் வந்தது. மேலே கேட்டு, கடைசியில் சுவருக்கும் மிரட்டலுக்கும் மட்டும்தான் வழக்கு என்று முடிவானது. 'கொஞ்சம் கூடுதலா வந்துச்சு' என்ற அந்த ஒரு வாக்கியம் மட்டும் வாக்குமூலத்திலிருந்து போகக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். இன்ஸ்பெக்டர் அப்படியே எழுதினார். அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் கோர்ட்டில் சீக்கிரமே அபராதம் விதித்து முடித்துவிட்டார்கள். யாரும் சொல்லாமலே அவன் வந்து சுவருக்கு வெள்ளை அடித்துக் கொடுத்தான். இரண்டு கோட்டு. டீ கொடுத்தேன், நின்றபடியே குடித்தான்.

இதற்கெல்லாம் முன்பே, ஸ்டேஷனிலிருந்து திரும்பிய அன்றே, நான் வரமாட்டேன் என்று தெரிந்ததும் தம்பி, வண்டி வாடகை வீணாகக் கூடாது என்று எங்கள் வீட்டுப் பழைய பீரோவை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு பல நாள் வாசல் கதவை உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் சமைத்தேன். வெளியே சைக்கிள் நின்றாலும் காது அங்கே போகும். கேஸ் முடிந்ததே, பெரிய வெறுப்பு ஒன்றும் இல்லை என்றுதானே முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கை தாழ்ப்பாளை விடாது. பிறகு புரட்டாசி வெயில் வந்தது. வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. ஒருநாள் மத்தியானம் குழம்பைத் தாளித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போய்க் கதவை அகலத் திறந்து வைத்தேன்.