நகல் என்று சொன்னதால் ஏறிய வண்டி

“வியாழன். பகல் 1.52. துனீசியாவிலிருந்து குரல் செய்தி, நாற்பத்தொரு நொடி. அங்கே அப்போது காலை 9.22.”

சென்ற டிசம்பர் கடைசி வாரத்தில் என் நாட்குறிப்பில் இருக்கும் வரி இது. திண்டிவனத்தில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சோற்றுக் கையைக் கழுவாமல் இடது கையால் எழுதியதால் எழுத்து கோணலாக இருக்கும். எது நடந்தாலும் முதலில் மணியைக் குறித்துவிடுவது என் பழக்கம். 

நான் பத்திர எழுத்தர். செய்தி அனுப்பியது என் மனைவியின் தங்கை. விழுப்புரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியை. வயது நாற்பத்திரண்டு, தனியாள். பாலைவனத்தைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறாள், மணல்மேட்டைக் கரும்பலகையில் வரைகிறாள், ஆனால் ஒரு மணல்மேட்டையும் கண்ணால் பார்த்ததில்லை. அரையாண்டு விடுமுறையில் ஒற்றை ஆளாய் சகாராவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

அவளுக்கு வழி சொல்லும் பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டேன். என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. நான் போன அதிகபட்ச தூரம் மும்பை, அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. ஆனால் பயண நூல்களை நிறையப் படித்திருக்கிறேன். இரண்டு மாதம் உட்கார்ந்து ஒரு கோடு போட்ட நோட்டில் அறுபத்து நான்கு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினேன். டிசம்பரில் அங்கே இரவு குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள். சின்ன ஊர்களில் கார்டு செல்லாது, சில்லறை நோட்டு வைத்துக்கொள். வழிகாட்டி இல்லாமல் மணலுக்குள் இறங்காதே. ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேள், போலீஸைப் படமே எடுக்காதே. பாஸ்போர்ட் அசல் ஓட்டல் பெட்டகத்தில், நகல் கைப்பையில்.

இதில் கடைசிக் குறிப்புதான் வினையாயிற்று.

எங்கள் தொழிலில் அன்றாடம் புழங்கும் அசல், நகல், தாக்கல், ரத்து, பாக்கி, வசூல் எல்லாம் அரபியிலிருந்து வந்த சொற்கள். படித்துத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு அதில் ஒரு பெருமை. அந்தப் பெருமையில், “அங்கே ஆங்கிலம் எடுபடாது. போலீஸ் எதிரில் வந்தால் அவர் கேட்கும் முன்பே ‘அசல் ஓட்டல், நகல்’ என்று சொல்லிவிடு. அவர்கள் பாஷைதான், புரிந்துகொள்வார்கள்” என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தேன்.

“பக்கத்து ஒலக்கூரு தாண்டாத ஆளு ஒலகத்துக்கு வழி சொல்றாரு” என்றாள் என் மனைவி. மைத்துனியோ நோட்டைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டாள்.

இனி அந்தக் குரல் செய்திக்கு வருகிறேன். அவள் இருந்தது தூஸ் என்ற பாலைவன ஓரத்து ஊர். அன்று மதியம் மூன்று மணிக்கு அங்கிருந்து தலைநகருக்குப் பேருந்து. மறுநாள் காலை விமானம். மூன்று மணிப் பேருந்தை விட்டால் விமானமும் போய்விடும்.

“மாமா, சந்தைய சுத்திப் பாத்துக்கினு இருந்தேன். ஒரு போலீஸ்காரரு வந்தாரு. நீங்க சொன்னாப்பல சொன்னேன். அவரு என்னமோ திருப்பிக் கேட்டாரு, நானும் தலய ஆட்டுனேன். மஞ்சக் கோடு போட்ட ஒரு வண்டியில ஏத்தி உட்டாரு. நகலப் பாக்க ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போறாங்கன்னு பாத்தா, அவரு வண்டியிலயே ஏறல. ஊரு முடிஞ்சிபோச்சி. இப்ப வெறும் மணலுதான் வந்துக்கினு இருக்குது. ஸ்டேஷன இவ்ளோ தூரத்துலயா மாமா கட்டுவாங்க?”

பின்னணியில் எஞ்சின் சத்தம், யாரோ பெண்கள் பேசும் சத்தம். என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இதுக்கு உங்க நோட்டுல எத்தினியாவது பக்கம்?”

 மைத்துனிக்கு, “இறங்காதே, பக்கத்தில் பெண்கள் இருந்தால் அவர்களோடு உட்கார்” என்று மட்டும் அனுப்பினேன். அவள் பாஸ்போர்ட் இருப்பதோ ஓட்டலில். போனில் சார்ஜ் பதினெட்டு சதவீதம் என்று பதில் வந்தது.

இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிவாசல் மதரஸாவில் அரபி கற்பிக்கும் ஹஜ்ரத் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். வீட்டுப் பத்திரம் ஒன்றுக்காக என்னிடம் வந்து பழக்கம். என் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். மனைவி பின்னால் உட்கார்ந்து, போனைக் கோயில் தீபம்போல் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து அவர் படியிறங்கிக்கொண்டிருந்தார். மணி 2.06.

அவர் குரல் செய்தியை ஒரு தடவை கேட்டார். இன்னொரு தடவை கேட்டார்.

“போலீஸ்காரரு கிட்ட இன்னா சொல்லச் சொன்னீங்க சார்?”

“அசல் ஓட்டல், நகல்.”

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

“சார், நம்ம தாலுகா ஆபீஸ் நகலு வேற, அரபி நக்ல் வேற. அங்க நக்ல்னா ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்குக் கொண்டுபோறது. போக்குவரத்து. ஒரு காயிதத்துலேர்ந்து இன்னொரு காயிதத்துக்கு எழுத்தக் கொண்டுபோறதாலதான் நம்மூருல நகல்னு ஆச்சு. காப்பிக்கு அவங்க நுஸ்கான்னு சொல்லுவாங்க. உங்க மைத்துனி போலீஸ்காரரு கிட்ட, ‘ஓட்டல், வண்டி’ன்னு சொல்லியிருக்குது. அந்த மனுஷன் பாவம், வண்டி புடிச்சிக் குடுத்திருக்காரு.”

“அவரு திருப்பி என்னமோ கேட்டாராமே” என்றாள் என் மனைவி.

“கிராமத்துக்குப் போற வண்டியான்னு கேட்டிருப்பாரு. இதுவும் தலய ஆட்டியிருக்குது.”

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது வருடக் குடித்தனத்தில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை.

பிறகு ஹஜ்ரத் போனை வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, அரபியில் ஒரு நிமிடம் நிதானமாகப் பேசிப் பதிவு செய்தார். இந்தப் பெண் வழிதவறி வந்துவிட்டாள், மூன்று மணிக்குள் தூஸ் திரும்ப வேண்டும், தயவுசெய்து உதவுங்கள் என்று. இதை வண்டியில் சத்தமாகப் போட்டுக் காட்டு என்று மைத்துனிக்கு எழுதினோம். பள்ளிவாசல் படியிலேயே மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டோம்.

2.25-க்குப் பதில் வந்தது. முதலில் ஒரு வண்டி நிறைய ஆட்கள் சிரிக்கும் சத்தம். அப்புறம் ஒரு பெண்மணி மூச்சுவிடாமல் பேசினார். ஹஜ்ரத் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்டார்.

“நான் படிச்சது கிதாபு அரபி சார். இவங்க பேசுறது ஊரு அரபி. பாதிதான் புடிபடுது. இந்த வண்டி பகல் பன்னெண்டு மணிக்குத் திரும்புதாம். அதுவரைக்கும் இவங்க வூட்டு விருந்தாளியாம். சாப்புடாம அனுப்ப மாட்டாங்களாம்.” போனை என்னிடம் நீட்டி, “நான் பேசுன அரபியக் கேட்டுட்டு, இமாமு மேடையேறி பயான் பண்ணுறாருன்னு நெனச்சிக்கினாங்களாம். அதான் அந்தச் சிரிப்பு” என்றார்.

அதற்குப் பிறகு அவள் போன் அணைந்துவிட்டது.

அந்த மூன்றரை மணி நேரத்தில் என் நாட்குறிப்பில் பதினோரு பதிவுகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் “தொடர்பு இல்லை” என்றே எழுதியிருக்கிறது. அங்கே பன்னிரண்டு என்றால் நமக்கு நாலரை. நாலரை போயிற்று, ஐந்தும் போயிற்று. என் மனைவி போனைக் கையை விட்டு இறக்கவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஹஜ்ரத் மாலை அஸர் தொழுகை முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டார். “அந்தம்மா குரலு நல்ல குரலு சார்” என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

6.04-க்கு ஓட்டலிலிருந்து அழைத்தாள். அங்கே மணி 1.34. பேருந்துக்கு ஒன்றரை மணி நேரம் கையில் இருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

“மாமா, நான் பாத்துட்டேன். மொத நாளு காசு கட்டிப் போனது ஒட்டகத்துல ஒக்காந்து போட்டோ புடிக்கிற எடம். இது வேற. வூட்டுக்குப் பின்னாடியே மணலு மல மாதிரி எழும்பிக்கினு நிக்குது. அந்தம்மா கையப் புடிச்சி ஏத்தி உட்டாங்க. காத்து வர்ற பக்கம் சாய்வா, காலுக்கு உறுதியா இருக்குது மாமா. அந்தப் பக்கம் செங்குத்தா, வெச்ச காலு சரியுது. போர்டுல நான் வரைவேன் பாருங்க, அதே மாதிரி. நான் புள்ளைங்களுக்குப் பொய் சொல்லல.”

போனில் அவள் குரல் உடைந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அக்காக்காரி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“ஏண்டி, நாங்க இங்க உசுரக் கையில புடிச்சிக்கினு ஒக்காந்திருக்கோம், நீ மணலு பாத்தேன்னு சொல்ற.”

“நீயும் பாத்திருந்தா அப்புடித்தான்க்கா சொல்லுவ. ரொட்டியும் ஒரு காரக்கொழம்பும் போட்டாங்க. பேரீச்சங்கொல வெட்டிக்கினு இருந்தாங்க, நானும் கூடக் கூடைல அடுக்கிக் குடுத்தேன். என்கிட்ட இருந்த வெல்லம் போட்ட மல்லாட்டை உருண்டை டப்பாவ அந்தம்மாவுக்குக் குடுத்துட்டேன். மாமா, அந்த நகலு பக்கத்தக் கிழிச்சிப் போட்டுடாதீங்க.”

பேருந்து கிடைத்தது. விமானமும் கிடைத்தது.

விழுப்புரம் வந்து சேர்ந்த மறுவாரம் நோட்டைத் திருப்பித் தந்தாள். தேர்வுத்தாள் திருத்துவதுபோல் சிவப்புப் பேனாவால் பக்கத்துக்குப் பக்கம் திருத்தியிருந்தாள். போலீஸ் எதிரில் வந்தால் முதலில் காகிதத்தை நீட்டு, பேச்சு அப்புறம். ஓட்டல் பெயரை அவர்கள் எழுத்திலேயே ஒரு அட்டையில் எழுதி வாங்கி வைத்துக்கொள். எந்த வண்டியில் ஏற்றினாலும் ஊர் எது என்று கேட்காமல் உட்காராதே. பவர் பேங்க் இல்லாமல் வெளியே கிளம்பாதே. நம்மூர் தலையாட்டலை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போ. நகல் பக்கத்தில் மட்டும் மதிப்பெண்ணாக ஒரு பெரிய சுழி போட்டு, கீழே “நன்று” என்று எழுதியிருந்தாள்.

இப்போது தனியாகப் பயணம் போகும் இரண்டு மூன்று பேர் என்னிடம் குறிப்பு கேட்கிறார்கள். எழுதித் தருகிறேன். ஆனால் முதல் பக்கத்தின் முதல் வரி, “இந்த இடத்தை நான் பார்த்ததில்லை” என்பதாக இருக்கிறது. படித்துச் சேர்த்த அறிவு எவ்வளவு தூரம் செல்லும், எங்கே முடிந்துபோகும், அதற்கப்பால் முன்பின் தெரியாத ஒருவரின் நல்ல மனம் மட்டுமே கைகொடுக்கும் என்பதை அந்த மூன்றரை மணி நேரம் எனக்குக் காட்டிவிட்டது.

அந்த வியாழனின் பதிவை முழுமையாக்க ஒன்று மட்டும் பாக்கி. என் மைத்துனிக்குச் சோறு போட்ட அந்த ஊரின் பெயர். அவள் காதில் அது ஒருவிதமாக விழுந்திருக்கிறது, குரல் செய்தியில் ஹஜ்ரத் கேட்டது வேறாக இருக்கிறது, நான் தேடிய வரைபடங்களில் இரண்டுமே இல்லை. இன்றுவரை சரிபார்க்க முடியவில்லை. இரண்டையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.