சும்மா இருந்தவர்களின் பட்டியல்

ஸ்கூட்டிச் சாவியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள், முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மேர்சியா பெட்டியின் பிளக்கைக் கழற்றுகிறார். பாட்டுப் பதியும்போது அதன் இரைச்சல் மைக்கில் ஏறிவிடும். ஒருமுறை வேலை முடிந்ததும் பிளக்கைத் திரும்பப் போட மறந்து, மூன்று கிலோ பாரைமீன் நாறிப்போயிற்று. அன்றிலிருந்து சாவி உள்ளே போகிறது. வெளியே கிளம்ப வேண்டுமானால் பெட்டியைத் திறந்தாக வேண்டும். திறந்தால் பிளக்கின் ஞாபகம் வரும். "மீன் போனது பறவாயில்ல. பாட வந்த மனிசன் அந்த நாத்தத்தில பாதிப் பாட்டோட ஓடிப்போயிற்றார். அதுதான் கவல" என்கிறார்.

அடுத்து மின்விசிறி. பிறகு சுவர்க்கடிகாரம், அதன் பற்றரியையே உருவிவிடுகிறார். ஆகவே அந்த வீட்டுக் கடிகாரம் சரியான நேரம் காட்டி நான் பார்த்ததில்லை. நேரத்துக்கு அவர் நம்புவது பக்கத்துப் பள்ளிவாசலில் கொடுத்த தொழுகை நேர அட்டையை. கல்முனையில் ஒரு மெதடிஸ்த வீட்டுச் சுவரில், சபையின் நாட்காட்டிக்கு மேலே அது தொங்குகிறது. "அஞ்சு பள்ளியும் தொழுகைக்கு ஒண்டா வாங்கு சொல்லாது. ஒண்டு முடிய ஒண்டு. பத்து நிமிசம் போகும். மத்தியான லுஹருக்கு முன்னுக்கு கிற்றார முடிச்சிரணும்."

ஸ்ரூடியோ என்பது வீட்டின் பின்னறை. சுவர்களில் மருதமுனைக் கைத்தறிப் போர்வைகள் இரண்டு அடுக்காகத் தொங்குகின்றன, எதிரொலியை விழுங்க. நாற்பத்தெட்டு வயதான மேர்சியா, தகப்பனின் வானொலி திருத்தும் கடையில் பன்னிரண்டு வயதிலேயே ஈயம் உருக்கி ஒட்டப் பழகியவர். இப்போதும் வயர் முதல் ஒலிபெருக்கி வரை எல்லாம் அவர் கையாலேயே. ஆனால் வாசலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப்பார்த்து, "ஐயா இல்லையா?" என்கிறார்கள். அவருடைய கணவர் அஜந் அக்கரைப்பற்றுப் பாதையில் பேருந்து ஓட்டுகிறவர். மேர்சியா கோபப்படுவதில்லை. "இரிக்கார். உங்களுக்குப் பாட்டா வேணும், பஸ்ஸா வேணும்?"

பதிவுக்கு முன் அவர் வெறுங்காலுடன் தெருவில் இறங்கி ஒரு சுற்றுப் போவார். எதிரே சியாமின் வெல்டிங் கடை.

"சியாம் தம்பி, இருவது நிமிசம் கையக் கட்டிக்கிட்டு இரிங்க."

"ஓம் அக்கா. நான் சும்மா இரிக்கிற பாட்டெல்லாம் நல்லாத்தானே போகுது!"

அடுத்த வீட்டு நதீரா மிளகாய் அரைப்பதை நிறுத்துகிறார். மூலைவீட்டு அழகரெத்தினம் தன் நாயைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறார். பதிவு முடிந்ததும் மேர்சியா மறுபடியும் அதே சுற்றுப் போய், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நன்றி கூறிவிட்டு வருவார். அதோடு நிற்பதில்லை. அந்த அறையில் உருவாகும் ஒவ்வொரு பாட்டும் யூடியூப்பில் ஏறும்போது, கீழே நன்றிப் பட்டியலில் சியாமும் நதீராவும் அழகரெத்தினமும் இருந்தாக வேண்டும். அதுதான் அவர் போடும் ஒரே நிபந்தனை. "கடவுளுக்கு நான் ஞாயித்துக்கிழம சொல்லுவன். மத்த நாளெல்லாம் மனிசருக்கு" என்பார்.

நன்றி சொல்ல வானத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. சொல்ல வேண்டியவர்கள் கண்ணெதிரே இருக்கிறார்கள் என்று இவ்வளவு தெளிவாக வேறெவரும் எனக்குக் காட்டியதில்லை. இவர் என் ஊரில் இருப்பதற்கு நான் நன்றியுடையவன்.

மரக் கிற்றாருக்கு மைக் வைக்க வேண்டும். தெருவின் தும்மல்கூட அதில் விழும். பாட்டுக்கு அடிநாதம் தரும் பேஸ் கிற்றார் அப்படியல்ல. வயரை நேரே கணினியில் செருகிவிட்டால், வாசிப்பவருக்கும் மேர்சியாவுக்கும் ஹெட்போனில் மட்டும் கேட்கும். அறையில் கம்பியைச் சுண்டும் மெல்லிய ஒலியைத் தவிர வேறொன்றும் இராது. பேஸ் வாசிக்க அங்கே வருகிறவர் றிஸ்லா. மருதமுனைக்காரி, பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறார். கட்டாரிலிருந்து தமையன் கொண்டுவந்து இரண்டே மாதத்தில் மூலையில் சாய்த்த கிற்றாரை எடுத்து, ஐந்து வருடம் தானாகவே பழகியவர். அவருடைய தகப்பன் முகைதீன்பாவா மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டு, வேலிப் படலையடியில் காத்திருப்பார்.

சென்ற மாதம் நான் அங்கே இருந்தபோது, றொமால்ட் தன் பாட்டின் முடிந்த வடிவத்தைக் கேட்க வந்திருந்தார். பெரியநீலாவணைக்காரர், தனியார் வகுப்பு ஆசிரியர், நல்ல குரல். வயல் வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி உருக்கமாக எழுதிப் பாடியிருந்தார். கிற்றாரும் அவரே. பேஸ், றிஸ்லா. பாட்டுக்குக் கீழே போட வேண்டிய குறிப்பைக் கைபேசியிலிருந்து அவர் வாசித்தார், மேர்சியா கணினியில் அடித்தார். எழுத்து, இசை, குரல், கிற்றார் எல்லாம் றொமால்ட். நன்றி: சியாம், நதீரா, அழகரெத்தினம்.

"பேஸ் ஆரு?" என்றார் மேர்சியா.

"நண்பர்கள் எண்டு போடுங்க அக்கா. பேரு போட்டா அவக்குத்தான் பிரச்சின."

"அவக்கிட்டக் கேட்டீங்களா?"

றிஸ்லா அங்கேதான், போர்வைச் சுவரோரம், மடியில் கிற்றாரோடு இருந்தார். "என்னட்ட ஒருத்தரும் கேக்கல்லயே சேர்" என்றார்.

வெல்டிங் செய்யாமல் இருந்தவருக்குப் பெயர் உண்டு. மிளகாய் அரைக்காதவருக்கு உண்டு. நாயை நடத்தியவருக்கும் உண்டு. ஏழு வாரம் உழைத்து அந்தப் பாட்டுக்கு முதுகெலும்பு கொடுத்தவளுக்கு மட்டும் இல்லை; காரணம் கேட்டால் அவள் மீதுள்ள அக்கறையாம்! பெண்களின் பெயரை அழிப்பவர்கள் எல்லோரும் இந்த அக்கறையைத்தான் அழிக்கும் இறப்பராக வைத்திருக்கிறார்கள். எனக்கு வாய் துருதுருத்தது. மேர்சியா கணினியில் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டுப் பாட்டை ஓடவிட்டார்.

குரல் வந்தது, கிற்றார் வந்தது. ஆனால் எல்லாம் காற்றில் மிதந்தன, நிற்க நிலம் இல்லாததுபோல. றொமால்ட் ஒலிபெருக்கியின் அருகே குனிந்தார்.

"பேஸ் எங்க அக்கா?"

"பேரோட போயிற்று."

"பகிடி விடாதீங்க."

"பேரு இல்லாட்டி அவ வாசிக்கல்ல. வாசிக்காட்டி சத்தம் எங்கால வாற?"

றொமால்ட் சிரித்துப் பார்த்தார். உடன்சிரிக்க ஆளில்லை. றிஸ்லாவின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, ஊருக்குள்ள கதைப்பாங்க."

"கதைக்கட்டும் சேர். ஒம்பதாம் ஆண்டு வகுப்பில நாப்பது புள்ளையளும் கதைக்கக்குள்ளதான் நான் கணக்குப் படிப்பிக்கன்."

"வாப்பா என்ன சொல்லுவார்?"

"வாப்பா படலையடியில நிக்கார். பேரு போடுறண்டா தன்ர பேரையும் சேத்துப் போடட்டாம். போய்க் கேளுங்க."

றொமால்ட் போகவில்லை. பாட்டு முடியும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்தது, அதை நான் அவர் பக்கம் வரவு வைக்கிறேன்.

"சரி. போடுவம்." மேர்சியாவைப் பார்த்தார். "முழுப் பேரும் என்ன அக்கா? எப்பிடி எழுதுற?"

மேர்சியா கதிரையை விட்டு எழுந்து, றிஸ்லாவின் மடியிலிருந்த கிற்றாரைத் தன் கைகளில் வாங்கிக்கொண்டு, கணினியின் முன்னே அவரை இருத்தினார்.