நாலாவது கட்டிலில் படுத்தவள்

எழுபதுகளில் ஏலப்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் ஆயா. நாலாம் வகுப்போடு நின்ற எனக்கும் அங்கே நர்ஸ் பரீட்சையில் ஒரு பங்கு கிடைத்தது. நோயாளியாகப் படுத்துக் கிடக்கிற பங்கு.

லீலா, சாந்தா என்று இரண்டு பிள்ளைகள் அந்தப் பரீட்சைக்குப் படித்தார்கள். 'பல நோயாளிகள் ஒன்றாக வந்தால் முதலில் யாரைப் பார்ப்பாய்?' என்ற கேள்வியில்தான் இருவரும் தடுமாறினார்கள். அதனால் ஒரு மத்தியானம் பெரிய சிஸ்டர் எங்கள் மூன்று பேரை நோயாளியாக நடிக்கச் சொல்லிக் கட்டிலில் கிடத்திவிட்டுச் சாப்பிடப் போனார். எனக்கு மூச்சுத் திணறல், கூட்டுகிற பேச்சியக்காவுக்கு வயிற்றுவலி, சமையல் மாரியப்பனுக்குக் கால் முறிவு. "நோயாளி யாரும் பேசக் கூடாது, முனகலாம்" என்று உத்தரவு. எனக்கு வசதிதான், நான் சும்மாவே பேச மாட்டேன்.

மாரியப்பன் போட்ட கூச்சல் தேயிலை ஃபேக்டரி வரை கேட்டிருக்கும். பிள்ளைகள் அவனிடம்தான் ஓடினார்கள்.

அப்போது கொழுந்து பறிக்கிற மூக்கம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆட்கள் வரிசையாகப் படுத்திருப்பதைப் பார்த்துக் காலியாக இருந்த நாலாவது கட்டிலில் தானும் படுத்துக்கொண்டாள். வரிசையில் சேர எஸ்டேட்டில் அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தார்கள்.

"சிஸ்டர் மூணு பேர்னுதானே சொன்னாங்க?" என்றாள் சாந்தா.

"எக்ஸாம்ல இப்படித்தான் ஒண்ணு கூட்டிக் கேப்பாங்க. இந்த அக்காவுக்கு நடிக்கவே வரல, ஒரு முனகல்கூட இல்ல. கடைசியில போடு" என்றாள் லீலா.

மாரியப்பன் முதல், பேச்சியக்கா இரண்டு. மூச்சு விட முடியாத எனக்கு மூன்றாம் இடம்!

பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். மூக்கம்மாவின் உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது.

"ஏ பிள்ளைகளா, இவ நெசமாவே வந்தவ!" என்று கத்திவிட்டேன்.

"ஆயாம்மா, மூச்சுத் திணறல்காரி இவ்வளவு சத்தமாப் பேசமாட்டா" என்று லீலா என்னைத் திருத்தினாள்.

எழுந்துபோய் லீலாவின் கையைப் பிடித்து மூக்கம்மாவின் கைமேல் வைத்தேன். லீலா உடனே நாடியைத் தேடினாள். கால் முறிந்த மாரியப்பன்தான் டாக்டரைக் கூட்டிவர ஓடினான்.

மூக்கம்மாவுக்கு, கொழுந்து பறிக்கையில் சரிவில் வழுக்கி, கல்லில் வயிறு அடிபட்டு, உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. ஜீப்பில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்து வந்தாள்.

"ஏட்டி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கெல்லாம் என்னைவிட ரொம்ப முடியல போலன்னு நெனச்சேன்க்கா. அந்த அண்ணனுக்குக் கால் சரியாயிருச்சா?" என்றாள்.

நர்ஸுக்குப் படிக்கிற பிள்ளைகளே, நான் கற்றது இதுதான். முதலில் யார் என்று கேட்டால், சத்தம் போடாத ஆளைத் தொட்டுப் பாருங்கள். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது என்பது உங்கள் காதுக்கே தெரியும்; அவன் கொஞ்சம் காத்திருப்பான்.