ஓபோவின் ஜி-ஷார்ப் கீயும் மழைமேல் நான் போட்ட பழியும்

நாற்பது பேர் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவில் ஒரே ஓர் ஓபோக் குழலால் பாட்டு நின்றுபோனது. அறுபதுகளின் நடுவில், நல்ல மழைக்காலம். செம்பூர் ரெக்கார்டிங் கூடத்திலிருந்து ஆள் வந்து தாராவியிலிருந்த என்னைக் கையோடு கூட்டிப்போனான். ஹார்மோனியம், கிளாரினெட், ஓபோ ரிப்பேர் என் பிழைப்பு.

தயாரிப்பாளர் கிங்ஸ் சர்க்கிளில் ஓட்டல் நடத்தும் அண்ணாச்சி. எங்கள் திருநெல்வேலிப் பக்கம். படம் எடுப்பது முதல் தடவை.

"ஏவே, நேத்து ஊதுன குழல் இன்னைக்கு ஊதலைங்கான். அடைப்பு இருந்தா குச்சிய விட்டுக் குத்த வேண்டியதுதான?"

இசையமைப்பாளரின் உதவியாளர் ராமநாதன், மாட்டுங்காக்காரர். ஸ்டூடியோ வேலையெல்லாம் எனக்கு அவர் மூலமாகத்தான் வரும். "வாத்தியத்துல ஒண்ணுமில்லப்பா. பின்டோவுக்கு வயசாயிடுத்து, வெரல் ஓடல. வேற ஆளுக்குச் சொல்லி அனுப்பியாச்சு" என்றார்.

கோவாக்காரரான பின்டோ ஓபோவை என்னிடம் நீட்டினார். "உங்லி டீக் ஹை, மிஸ்திரி. கீ வாபஸ் நஹி ஆதா." விரல் சரி, கீதான் திரும்பவில்லை என்றார்.

துளையை மூடித் திறக்கும் மூடிதான் கீ. ஜி-ஷார்ப் கீ அழுத்தினால் திறந்தது. விட்டால் மூட மறுத்தது. முதலில் துளைமேல் படியும் பேடின் அடியில் சிகரெட் தாள் வைத்து இழுத்தேன். பிசுக்கு இல்லை. அடுத்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டேன். நல்ல கீ அப்போது தளர்ந்து ஆட வேண்டும். இது வைத்த இடத்தில் நின்றது. கீயின் முனையைத் தாங்கும் பிவட் ஸ்க்ரூவின் தலையில் புதுக் கீறல் மினுங்கியது. கால் சுற்றுத் தளர்த்தி ஸ்பிரிங்கை மாட்டினேன். கீ டப்பென்று மூடிக்கொண்டது.

"இதை யாரு முடுக்கினா?" என்று கேட்டேன்.

ராமநாதன் குரலைத் தணித்தார். "நேத்து ஸ்க்ரூவெல்லாம் லூசா ஆடித்து. நான்தான் டைட் பண்ணினேன். அண்ணாச்சிட்டச் சொல்லிண்டு நிக்காத."

"என்னவே கோளாறு?" அண்ணாச்சி வந்துவிட்டார்.

"மழைதான் அண்ணாச்சி. ஈரத்துல மரம் ஊதி கீ பிடிச்சிருச்சு" என்றேன். மழை வந்து மறுத்துப் பேசாது அல்லவா.

பின்டோ வாசித்தார். பாட்டு பதிவானது. புதிதாக வந்த ஆள் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். எல்லோரையும் காப்பாற்றிவிட்ட பெருமையில் நானும் வீடு வந்தேன்.

இரண்டு நாளில் அடுத்த பாட்டுக்கு மறுபடி அழைப்பு. கூடத்துக்குள் புகை. ஈரம் போக்குவதற்காக அண்ணாச்சி ஓட்டலிலிருந்து இரண்டு கரி அடுப்புகளைக் கொண்டுவந்து மூட்டியிருந்தார். வயலின்காரர்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். சூட்டில் செல்லோ ஒன்றின் முகப்பலகை விண்டிருந்தது. ஓபோ ஸ்க்ரூவில் இன்னொரு புதுக் கீறல்; ராமநாதன் மறுபடி முடுக்கியிருந்தார். கீ மறுபடி நின்றிருந்தது. "ஈரம் இன்னும் போகல. இன்னொரு அடுப்பு வேணும்" என்று அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்டோ தன் பெட்டியை மூடிக் கிளம்பத் தயாராக இருந்தார்.

எனக்குக் கூசியது. எல்லோர் முன்னாலும் ஸ்க்ரூவைக் காட்டி நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப ஈரம்னு சொன்னது யாருவே?"

"நான்தான் அண்ணாச்சி."

"ரெண்டு நாளா கடையில தோசை போடாம அடுப்பை இங்கன வச்சிருக்கேன்" என்றார் அவர். அதற்கு மேல் திட்டவில்லை.

ஸ்க்ரூவைத் தளர்த்திக் கொடுத்தேன். பின்டோ அதே நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார். ராமநாதன் அதற்குப் பிறகு நெடுநாள் என்னைக் கூப்பிடவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். பழுது எந்த ஸ்க்ரூவில் என்று கண்டுபிடிப்பது பாதி வேலை. அதை யார் முடுக்கினார் என்று தெரிந்தும் சொல்லாமல் வந்தால், அவர் மறுபடி முடுக்குவார்.