விரதம் கெட்ட குடுவை

ஆய்வகத்தில் அவளுக்கு மூக்குத்தி என்று பெயர். அவள் மூக்குத்தி போடுகிறவள் அல்ல. அந்த மூக்கு மூக்குத்தி மாட்டத்தான் லாயக்கு என்று யாரோ கேலி செய்தது ஒட்டிக்கொண்டது. உண்மையில் பால் திரிவதும் அடுப்பில் எதுவோ தீய்வதும் மற்றவர்களுக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும். ஒரே ஒரு வாசனை மட்டும் ஏறாது. சோப்பில் மணம் நிலைத்து நிற்பதற்காகச் சேர்க்கிற, தேன் போலக் கெட்டியான ஓர் எண்ணெய். மூடியைத் திறந்தாலே மற்றவர்கள் தலைவலி என்று ஓடுவார்கள். இவள் பச்சைத் தண்ணீரை அளப்பதுபோல் சாவகாசமாக உட்கார்ந்து எடை போடுவாள். ஆகவே அந்த வேலை இவள் தலையில் விழுந்தது. வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் இவள்தான் எடை போட்டாள். பெண் பிறந்து, அதை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியபோதும் இவள்தான்.

அந்த எண்ணெய் சாக்கடை வழியாக ஏரி குளத்துக்குப் போனால் அங்கிருக்கும் பாசி பிழைக்குமா என்று பார்ப்பது அவர்கள் தொழில். வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகளில் பாசி வளர்த்து, எண்ணெயைக் குடுவைக்குக் குடுவை கூட்டிக்கொண்டே போவார்கள். சிலவற்றில் மட்டும் ஒன்றும் சேர்க்கமாட்டார்கள், ஒப்பிட வேண்டுமே. அவற்றுக்கு விரதக் குடுவை என்று பெயர். அணையாத வெள்ளை விளக்கின் கீழ், ஆடும் பலகையின்மேல் எல்லாம் நிற்கும். ஆளில்லாத அறையில் அத்தனை குடுவைத் தண்ணீரும் ஒரே பக்கமாகச் சுழல்வதைப் பார்த்தால் புது ஆட்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். அவள் அதன் எதிரில் உட்கார்ந்து டீ குடிப்பாள்.

நல்ல பாசிச் செல் ஒன்று பெருத்து, உள்ளே நான்கு குட்டிகளாகும். பிறகு ஓடு கிழிந்து அவை வெளியே வரும். எண்ணெய் ஏறினால் பெருப்பதோடு சரி, பிரியாது. "சுமக்குது" என்பார்கள். அவள் வேலைக்குத் திரும்பியதிலிருந்து விரதக் குடுவைகளும் சுமக்க ஆரம்பித்தன.

நுண்ணோக்கியில் செல் எண்ணுகிற அக்காதான் அவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். கட்டம் போட்ட கண்ணாடியில் பச்சை உருண்டைகள் கிடந்தன. ஒவ்வொன்றும் ஊதிப் பெருத்து, உள்ளே குட்டிகள் முட்டிக்கொண்டு, எந்த ஓட்டிலும் ஒரு கீறல்கூட இல்லாமல்.

"எந்தக் குடுவைக்கா இது?"

"விரதம். யாரோ கெடுத்திருக்காங்க."

தண்ணீரை மாற்றினார்கள். விளக்கை மாற்றினார்கள். குடுவைகளை அமிலத்தில் ஊறப்போட்டுக் கழுவினார்கள். ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் அக்கா தன் கையாலேயே ஒரு விரதக் குடுவை வைத்தாள். அது பசேலென்று வளர்ந்தது. பக்கத்தில் மூக்குத்தி வைத்தது சோகை பிடித்ததுபோல் வெளிறிக் கிடந்தது.

"நான் கையுறை போட்டுத்தானேக்கா வெச்சேன்?"

"கையுறை கைக்குத்தான்டி. நீ கிட்ட வந்தாலே அந்த வாசம் வருது. ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வந்தாக்கூட வருது. உனக்குத் தெரியாதேன்னு யாரும் சொல்றதில்ல."

அவளுக்கு முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. பயம் வந்தது பஸ்ஸில். நாத்தனார் எத்தனையோ தடவை சொன்னது நினைவுக்கு வந்தது: "பாப்பாவுக்கு என்ன பவுடர் அண்ணி போடறீங்க? கொட்டாவி விட்டாக்கூட கமகமங்குது." அவள் பாப்பாவுக்குப் பவுடரே போட்டதில்லை.

வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் கழுத்தில் மூக்கைப் புதைத்தாள். பால் வாடை வந்தது. ஈரத்துணி வாடை வந்தது. வேறு எதுவும் வரவில்லை. ஊரே அறிந்த வாசனையைப் பெற்றவள் மட்டும் அறியாமல் இருந்தாள்.

வெந்நீரில் மட்டும் அலசிக் காயவைத்த இரண்டு துணிகளை எடுத்து, ஒன்றில் பாப்பாவின் எச்சிலைத் துடைத்து ஓர் உறையிலும், இன்னொன்றில் நாத்தனார் தன் முகத்தையே துடைத்து வேறோர் உறையிலும் போட்டு ஒட்டித்தரும்படி நாத்தனாரிடம் சொன்னாள். துணிகளில் மூக்குத்தியின் கை படவேயில்லை. அக்கா எதற்கென்று கேட்காமல் இரண்டையும் தனித்தனியே அலசி, அந்தத் தண்ணீரில் பாசி விட்டாள். பொறுத்திருந்து பார்த்தபோது நாத்தனாருடையது பச்சை கட்டியிருந்தது. பாப்பாவுடையதை அக்கா நுண்ணோக்கியில் வைத்தாள்.

"சுமக்குதாக்கா?"

"ம்."

அன்றே வேலையை விட்டாள். டாக்டர் பிள்ளையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் தெரியவில்லை, நாளைக்கு எப்படியோ தனக்குச் சொல்லத் தெரியாது என்று கைவிரித்தார். தன் பாலிலிருந்து இனியும் ஏறக்கூடாதென்று, பாப்பாவுக்குப் புட்டிப்பாலைப் பழக்க நாத்தனாரிடம் சொல்லிவிட்டு இவள் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்தாள். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டாள். மார்பில் பால் கட்டி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். தங்கை தினமும் அவள் தோளை முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். ஒரு நாள், "போயிடுச்சுக்கா. சத்தியமா ஒண்ணுமில்ல," என்றாள். செருப்பை மாட்டக்கூடப் பொறுமையின்றி அவள் கிளம்பினாள்.

நாத்தனார் பிள்ளையை அவள் மடியில் போட்டாள். பாப்பா அவள் முகத்தைப் பார்த்தது. கழுத்தருகே முகத்தைக் கொண்டுவந்து தேடியது. பிறகு விறைத்துக்கொண்டு வீறிட்டது. அது பசி அழுகை இல்லை. வேற்று ஆள் தூக்கினால் அழுகிற அழுகை.

"நான்தான்டா செல்லம். அம்மாடா."

நேரமாக ஆக அழுகை முற்றி, பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. நாத்தனார் தவித்துப்போய், "கோவிச்சுக்காதீங்க அண்ணி. நீங்க போனதிலேர்ந்து இது இல்லாம தூங்கறதில்ல," என்று தொட்டிலிலிருந்து எதையோ உருவி வந்தாள். அவளுடைய ஆய்வக மேலங்கி. வேலையோடு சேர்த்துத் தலைமுழுகிவிட்டதாக அவள் நினைத்திருந்தது. நாத்தனார் அதை விரித்ததும் பாப்பா அதன் பக்கம் தாவி, முகத்தைப் புதைத்து, விக்கலோடு அடங்கியது.

அதைப் பிடுங்க அவள் கை நீண்டது. பிள்ளை காலரைச் சப்பிக்கொண்டே தூங்க ஆரம்பித்திருந்தது. அவள் கையை மடக்கிக்கொண்டாள். பிடுங்கினால் பிள்ளைக்கு அம்மா இல்லாமல் போய்விடும்.