தம்பியின் ஓயாத பெடல்

போன தை மாதம், பொங்கல் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். மந்தைவெளியில் எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடம், போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க நான் கத்தித் தீர்த்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

முதலில் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது என் தம்பியுடையது. சாதாரண சைக்கிளில் ப்ரீவீல் இருப்பதால் மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி தானாக உருளும் அல்லவா, இதில் அந்தக் கதையே கிடையாது. பின்சக்கரம் சுற்றுகிற வரை பெடலும் சுற்றும், பெடல் சுற்றுகிற வரை காலும் சுற்றியாக வேண்டும். பின்சக்கரத்துப் பல்சக்கரம் தனியாகச் சுற்றாமல் அதோடு இறுகியிருக்கும்; ஃபிக்ஸட் கியர் என்று பெயர். சாமான்களைத் தேடித் தேடி வாங்கி அவனே பூட்டிய வண்டி. பிரேக்கே வேண்டாம், காலாலேயே நிறுத்துவேன் என்று பீற்றிக்கொள்வான். நான் இரண்டு நாள் பேசாமல் இருந்து, முன்பக்கம் மட்டும் ஒரு பிரேக் போட வைத்தேன். இந்தச் சனியன் உன்னை ஒருநாள் பஸ்ஸுக்கு அடியில் தள்ளப்போகிறது என்று தினமும் அர்ச்சனை செய்துதான் வேலைக்கு அனுப்புவேன்.

பஸ் அவனை ஒன்றும் செய்யவில்லை. ஐப்பசி மழையில் டெங்கு வந்து ஆறே நாளில் போய்விட்டான். இருபத்தெட்டு வயது. சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே பூட்டுப் போட்டபடி நின்றது.

நான் தி.நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, ஏன் என்று கேட்காதீர்கள், பஸ்ஸுக்குப் போகாமல் அவன் சைக்கிளை எடுத்தேன்.

முதல் வாரம் படாத பாடு பட்டேன். லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து, சாலையைச் சந்தாக்கி வைத்திருக்கிறார்கள். பின்னாலேயே ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு வரும். பயத்தில் மிதிப்பதை நிறுத்துவேன், பெடல் என் காலைத் தூக்கி அடிக்கும். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு எல்டாம்ஸ் சாலை முழுக்க நாக்குத் தள்ள மிதிப்பேன். ஆனால் அந்த அடி எனக்குப் பிடித்திருந்தது. நான் சும்மா இருந்தால் கீழேயிருந்து யாரோ என் காலைத் தள்ளுகிற மாதிரி இருக்கும். யாரோ என்ன யாரோ, அவன்தான். மிதிக்கா, மிதிக்கா என்று சொல்கிற மாதிரி. பைத்தியக்காரத்தனம்தான், தெரியும். போக அரை மணி, வர அரை மணி, அவன் என்னோடு இருந்தான்.

நான் கத்தித் தீர்த்த அன்று காலை செயின் அறுந்துவிட்டது. தெருமுனைக் கடையில் வண்டியை விட்டு, செயின் மாற்றி வைக்கச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம்.

சாயங்காலம் வண்டி துடைத்துப் பளபளவென்று நின்றது. ஏறி நாலு மிதி மிதித்தேன். எதிரே ஒரு ஆட்டோ திரும்பியது, மிதிப்பதை நிறுத்தினேன். பெடலும் நின்றுவிட்டது. வண்டி மட்டும் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டு தன்பாட்டுக்கு உருண்டது.

திரும்பி வந்து கத்தினேன். யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று ஆரம்பித்து வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அவர் கையில் கிரீஸோடு விழித்தார்.

"ப்ரீவீல் ஜாமாயிகினு கீதுன்னு நெனச்சேன்ம்மா. தெனிக்கும் நீ மூச்சு வாங்க மிதிச்சிகினு போறத பாத்துகினுதான் கீறேன். காலுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் கெடைக்கட்டுமேன்னு புச்சு போட்டேன்."

பழைய பல்சக்கரம் எங்கே என்றேன். மத்தியானமே பழைய இரும்புக்காரரோடு போய்விட்டதாம்.

அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன். தம்பி போன அன்று அம்மாவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, அதனால் நான் சரியாக அழவே இல்லை. அதையும் சேர்த்து அன்று அழுதேன். அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு டீ வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, "எனுக்குத் தெர்யாதும்மா" என்றார்.

மறுநாள் கடை பூட்டியிருந்தது. அதற்கு அடுத்த நாள் காலை கடைக்காரர் என்னைக் கைகாட்டி நிறுத்தினார். துண்டில் ஒரு மூட்டை. இரும்புக்காரரைத் தேடிப் பிடித்து, அவர் சரக்குப் போட்ட இடம் வரை போய், குவியலைக் கிளறி, கிடைத்த பல்சக்கரங்களை எல்லாம் அள்ளி வந்திருக்கிறார்.

"கயட்டுறப்போ நான் சரியா பாக்கல. இதுல உன்து எதுன்னு சொல்லும்மா, மாட்டிக் குடுத்துட்றேன்."

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. தம்பியுடையதற்கு எத்தனை பல் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அந்த சைக்கிளைப் பற்றிப் பேசாமல் அவன் ஒரு வேளைகூடச் சோறு சாப்பிட்டதில்லை. பல் கணக்கைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான். நான்தான் ஒருநாளும் காதில் வாங்கவில்லை. எனக்குத் திட்டத்தான் தெரிந்திருந்தது.

கடைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரலெல்லாம் சிராய்ப்பு. கைக்கு வந்த ஒன்றை எடுத்து, "இதுதாண்ணே" என்றேன். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. மாட்ட வேண்டாம், வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன்.

யாருடைய சக்கரமோ, இப்போது என் தம்பியின் சட்டைகளுக்கு நடுவே இருக்கிறது. அம்மா அதை அவனுடையது என்றே நினைத்துத் துடைத்து வைக்கிறாள். நான் இன்னமும் அதே சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். தேனாம்பேட்டையில் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்துகிறேன், காலுக்கு ஓய்வு கிடைத்துவிடுகிறது, வண்டி டிக் டிக் என்று உருள்கிறது. சோற்றைப் பிசைந்துகொண்டே அவன் சொன்னதெல்லாம் இப்போதாவது ஒருமுறை கேட்டுவிடாதா என்று, அத்தனை ஹாரன் சத்தத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு போகிறேன்.