பட்டாணி அளவுச் சுரப்பியும் என் சித்தியும்

எழுபதுகளின் கடைசியில் எனக்குத் தெரியாதது உலகத்தில் அதிகம் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். வேலூரில் விலங்கியல் இரண்டாம் வருஷம். கரப்பான்பூச்சியின் நரம்பை அறுபடாமல் உருவி எடுப்பதில் வகுப்பிலேயே நான்தான் முதல். லீவு விட்டால் அடுத்த பஸ்ஸில் ஆம்பூர், சித்தி வீடு.

அந்த வீட்டை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது ஊசிதான். ஷூ கம்பெனியிலிருந்து மேல்தோலை வெட்டிக் கட்டுக்கட்டாக வீட்டுக்கே அனுப்புவார்கள். தெருப் பெண்கள் வாசலில் கூடி உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுப்பார்கள். என் சின்ன வயதில் அந்தக் கூட்டத்தில் வேகமான கை சித்தியுடையது, வேகமான வாயும் சித்தியுடையதுதான். தண்ணீர்க் குழாயில் ஒருவர் குடத்தை முன்னால் நகர்த்தினால் போதும், நாலு தெருவுக்குக் கேட்கும். நான் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன்.

நான் சொல்லவந்த மே மாதத்தில் அவள் மகனுக்கு எட்டு வயது, அவளுக்கு முப்பத்து நாலு. கத்திரி வெயில். அடுப்பு போல் அனல் அடிக்கிற கூடத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"குளுருதுடி," என்றாள். குரல் கம்மியிருந்தது. மூன்று ஜோடி தைக்கிற நேரத்தில் ஒரு ஜோடிதான் நகர்ந்தது. முகத்தில் மெல்லிய சுருக்கங்கள், புருவத்தின் கடைசிப் பாதியைக் காணோம். மாதவிலக்கு நின்று வருஷக்கணக்காகிவிட்டதாம். தெரு அதற்கு ஒரே பதில் வைத்திருந்தது: "அவளுக்கு சீக்கிரமே வயசாய்டுச்சு." சித்தப்பாவின் அண்ணி மட்டும் வேறு வார்த்தை வைத்திருந்தாள்: சோம்பேறி.

சித்தப்பா கம்பெனியில் மெஷின் பார்க்கிறவர். அவர் கவலை வேறு. "வேல செய்யலன்னா போவட்டும்மா. கோவமே வர்றதில்ல அவளுக்கு. காபி இன்னா இப்பிடிக் கழனித்தண்ணி மாதிரி இருக்குதுன்னு வேணும்னே கேட்டேன். சரிங்கன்னு டம்ளர எடுத்துகினு போய்ட்டா. முன்னெல்லாம் டம்ளரு என் மண்டைக்கு வந்துருக்கும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. குளிர், மந்தம், கம்மிய குரல், கொட்டிய புருவம் என்று என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேனே. தைராய்டு. டாக்டரிடம் கூட்டிப்போகலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தாலும் அது எனக்குக் காலதாமதமாகத்தான் பட்டிருக்கும். வேலூருக்குப் போய் லாங் பஜாரில் ஒரு மருந்துக் கடையில் மாத்திரை பெயரைச் சொன்னேன்.

"சீட்டு எங்கம்மா?" என்றார் கடைக்காரர்.

"ஊர்ல இருக்குது சார். பழைய சீட்டு," என்று கூசாமல் சொன்னேன். நான் சொன்ன வேகத்தில் அவரும் நம்பிவிட்டார்.

சித்தி ஒரு கேள்வி கேட்கவில்லை. "நீ படிச்ச புள்ள," என்று வாயில் போட்டுக்கொண்டாள். முதல் வாரம் கொஞ்சம் சுறுசுறுப்பு தெரிந்தது. மாத்திரையைச் சொல்லாமல், சித்தி தேறிவிட்டாள் என்று தெருவெல்லாம் பெருமையடித்தேன். இரண்டாம் வாரம் வாந்தி. சோறு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் எழுந்து நின்றவள் அப்படியே சரிந்தாள். பக்கத்து வீட்டு ஆபாதான் தாங்கிப் பிடித்தார். ஆபா என்றால் அக்கா. அந்த முஸ்லிம் அம்மாவைத் தெருவே அப்படித்தான் கூப்பிடும். கம்பெனிக் காரில் வேலூருக்குப் போகிற வழியெல்லாம் சித்தி தலை ஆபா மடியில், கால் என் மடியில். கால் ஜில்லென்று இருந்தது. நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நாடி கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. ஒரு லேடி டாக்டர் வந்தார். "என்ன மருந்து சாப்பிடறாங்க?"

சித்தப்பா, "ஒண்ணும் இல்லீங்க," என்றார்.

நான் மாத்திரைப் புட்டியை நீட்டினேன். சித்தப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்னிடம் இருக்கிறது. டாக்டர் திட்டவில்லை. புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சம்பந்தமே இல்லாததுபோல் ஒன்று கேட்டார்.

"பிரசவம் எப்படி ஆச்சு? ரத்தம் ஜாஸ்தி போச்சா? குழந்தைக்குப் பால் குடுத்தாங்களா?"

"வீட்லதாங்க பொறந்துச்சு. நல்லபடியாதான்," என்றார் சித்தப்பா. அவர் அன்று வாசலில் நின்றவர்.

"எங்க நல்லபடியா?" என்றார் ஆபா. "ரெண்டு பாயி நனைஞ்சு போச்சும்மா. ஆள் பொழைக்கமாட்டான்னு நினைச்சோம். பாலு ஒரு சொட்டு வரல. எனக்கு அப்போ சின்னவ பொறந்து ஒரு மாசம். நான்தான் ரெண்டுத்துக்கும் குடுத்தேன்."

அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். பால் குடித்த உறவால் ஆபா மகளும் சித்தி மகனும் அக்கா தம்பி. ஒவ்வொரு ரம்ஜானுக்கும் அவனுக்கென்று தனிக் கிண்ணத்தில் சேமியா வரும். எட்டு வருஷமாகச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். சித்திக்கு ஏன் பால் வரவில்லை என்று மட்டும் எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. குழந்தை பசியில்லாமல் வளர்ந்துவிட்டதால் அந்தக் கேள்விக்கு வேலையில்லாமல் போயிற்று.

டாக்டர் நர்ஸிடம் ஏதோ சொல்ல, ஊசியும் சலைனும் ஏறின. மறுநாள் காலை சித்தி தானாக எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள்.

பிறகு டாக்டர் சொன்னது இது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்குகிற பிட்யூட்டரி, கர்ப்பத்தில் பெரிதாகும். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனால் அது பட்டினியில் செத்துவிடலாம். பால், மாதவிலக்கு, உடம்புச் சூடு, சுறுசுறுப்பு என்று மூளை உத்தரவு அனுப்பிக்கொண்டே இருக்கும், வாங்கிக் கீழே கொடுக்க ஆள் இருக்காது. தைராய்டு தூங்கியது அதனால்தான். சிறுநீரகத்தின் மேலிருக்கிற சுரப்பியும் கூடவே தூங்கியிருந்தது. அதை முதலில் எழுப்பாமல் நான் தைராய்டை மட்டும் விரட்டியிருக்கிறேன், பெட்ரோல் இல்லாத வண்டியை ஓடு ஓடு என்று.

பிட்யூட்டரியைப் பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறித்து முழு மார்க் வாங்கியவள் நான். ஒரு மனுஷி கோபப்படுவதற்கும் முப்பத்து நாலு வயதில் முப்பத்து நாலாக இருப்பதற்கும் அந்தப் பட்டாணி வேண்டும் என்று அந்தப் படத்தில் எங்கும் குறித்திருக்கவில்லை. இப்போது நானே பாடம் நடத்துகிறேன். அந்தப் படம் வரும் நாளில் பால் குடித்த உறவு உள்ள வீடு யார் வீடு என்று கேட்டுவிட்டுத்தான் கரும்பலகைப் பக்கம் திரும்புவேன்.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆயுசுக்கும் தினம் காலையில் மாத்திரை. அழைத்துப்போக ஆபாவும் வந்திருந்தார். ஆம்பூர் பஸ்ஸில் பெண்கள் சீட்டில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார். சித்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"இன்னா சார், எழுத்து தெரியாதா? எந்திரிங்க. ஆபாவுக்கு முட்டி வலி."

"அடுத்த ஸ்டாப்புல எடம் கெடைக்கும்மா."

"அடுத்த ஸ்டாப்புல நீ உக்காரேன்யா. மேல பெருசா எழுதி வச்சிருக்கறது உங்க மாமனாருக்கா?"

பஸ் மொத்தமும் திரும்பியது. குரல் இன்னும் கம்மித்தான் இருந்தது, ஆனால் ஏறிக்கொண்டே போனது. அந்த மனிதர் சித்தப்பாவைப் பார்த்து, "சார், வூட்டம்மாவக் கொஞ்சம் அடக்குங்க," என்றார்.

சித்தப்பா வேஷ்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எந்திரிச்சிடுங்க சார்," என்றார். "இப்பதான் ஆரம்பிச்சிருக்கா."